பேரனின் விண்கப்பலும் ஒரு குமாஸ்தாவின் பட்டியலும்

எழுபதைத் தாண்டியவன் வீடியோ கேமைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறானே என்று நண்பர்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். கடைசியில் இது பென்ஷன் விஷயத்தில்தான் வந்து நிற்கப்போகிறது. அது நம் எல்லோருக்கும் வேண்டிய விஷயம்தானே!

போன வருஷம் சாரல் சமயத்தில் கல்லூரி விடுமுறைக்குப் பேரன் சென்னையிலிருந்து தென்காசிக்கு வந்தான். வந்த இரண்டாம் நாளே மலையில் நல்ல மழை. பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம்; குளிக்கத் தடை. புலியருவிக்குப் போகலாமா என்றேன். "வேண்டாம் தாத்தா" என்று லேப்டாப்பைத் திறந்தவன்தான், சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. "பிள்ளைக்குக் கண்ணு போயிரும், கொஞ்சம் என்னன்னு கேளுங்க" என்று அவன் ஆச்சி என்னை அனுப்பினாள். கேட்கப் போனவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டின் பெயர் 'எலீட் டேஞ்சரஸ்'. 1984-இல் டேவிட் பிராபன், இயன் பெல் என்று கேம்பிரிட்ஜில் படித்த இரண்டு இளைஞர்கள் 'எலீட்' என்று ஒன்றைச் செய்தார்களாம். அதன் வாரிசு இது, 2014-இல் வெளிவந்தது. நம்முடைய பால்வீதி மண்டலத்தை அப்படியே உண்மையான அளவில் உள்ளே வைத்திருக்கிறார்கள். சுமார் 40,000 கோடி நட்சத்திரக் குடும்பங்கள். ஒரு சின்னக் கப்பலைக் கையில் கொடுத்து, "போ, பிழைத்துக்கொள்" என்று விட்டுவிடுகிறார்கள். வியாபாரம் செய்யலாம், சுரங்கம் தோண்டலாம், கொள்ளைக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கலாம், ஊர் ஊராய்ச் சுற்றி நட்சத்திரங்களைக் கணக்கெடுத்து அந்த விவரத்தை விற்கலாம்.

திரையில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒட்டிக்கொண்டது. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோதுகூட எங்கள் வகுப்பில் கணக்கும் பூகோளமும் பிரெஞ்சில்தான் நடந்துகொண்டிருந்தன. இதைச் சொன்னதும் பையன் இரண்டு பட்டனைத் தட்டி, விளையாட்டு முழுவதையும் பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டான். அறுபது வருஷத்துக்கு முன்னால் கற்ற பாஷையில் ஒரு விண்கப்பல் என்னிடம் பேசியது. அப்புறம் எங்கே எழுந்திருப்பது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கப்பலில் முக்கியமான சாமான் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற எந்திரம். ஓர் ஒளியாண்டு என்றால் சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். பேரனுடைய கப்பல் ஒரு தாவலுக்கு முப்பத்துச் சொச்சம் ஒளியாண்டு போகும். அதே எந்திரத்தை ஐந்து படிகளாக மேம்படுத்தினால் ஐம்பதைத் தாண்டலாம். ஆனால் இந்த வேலையைக் கடையில் செய்யமாட்டார்கள். அண்டவெளியில் ஆங்காங்கே இருபதுக்கும் மேற்பட்ட எஞ்சினியர்கள் தனித்தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் தாவு எந்திரத்தில் கெட்டிக்காரர், ஒருவர் கவசத்தில், ஒருவர் பீரங்கியில். பணத்தை நீட்டினால் மட்டும் கதவைத் திறந்துவிடமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிபந்தனை. முதலாவது, அவரிடமிருந்து அழைப்பு வருவதற்கான தகுதி. இரண்டாவது, போகும்போது கையில் கொண்டுபோக வேண்டிய பொருள்.

பெலிசிட்டி பார்சீர் என்ற அம்மாள்தான் தாவு எந்திரத்துக்குப் பெயர்போனவர். ஊர் சுற்றிக் கணக்கெடுப்பதில் 'ஸ்கௌட்' என்ற தரத்தை எட்டியவனைத்தான் அழைப்பார். போகும்போது 'மெட்டா அலாய்' என்ற அபூர்வ உலோகக் கட்டி ஒன்று கொடுக்க வேண்டும். எல்விரா மார்ட்டுக் என்ற இன்னொரு அம்மாளுக்கு, நாம் புறப்பட்ட இடத்திலிருந்து 300 ஒளியாண்டு தூரம் போய்வந்திருக்க வேண்டும். மூன்று பழம்பொருள்கள் கொடுக்க வேண்டும். அவரிடம் பழகினால் மார்க்கோ க்வென்ட் என்பவருக்குச் சிபாரிசு செய்வார். க்வென்ட் இன்னொரு பேராசிரியருக்குச் சிபாரிசு செய்வார். அந்தப் பேராசிரியர் பாலினுக்கோ 5,000 ஒளியாண்டு தூரம் போயிருக்க வேண்டும். ஹெரா டானி என்று ஒருவருக்கு ஐம்பது சுருட்டு. ஆமாம், சுருட்டுதான்! 'டுவெல்லர்' என்ற பட்டப்பெயரில் இருக்கிற ஆசாமி, ஐந்து கள்ளச்சந்தைகளில் விற்றுவாங்கியிருக்கிறாயா என்று பார்த்துவிட்டு, ஐந்து லட்சத்தைக் கீழே வை என்பார்.

இதையெல்லாம் படித்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இது எனக்குத் தெரிந்த உலகமல்லவா! சின்ன வயதில் புதுச்சேரியில் அப்பாவோடு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஜன்னல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தலைப்பு: 'பியேஸ் ஆ ஃபூர்னீர்'. கொண்டுவந்து கொடுக்க வேண்டிய ஆவணங்கள் என்று அர்த்தம். கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வரவேண்டியது. பேரனின் விண்வெளியில் நான் கண்டது அதே தாள்.

பேரன் எப்படிச் செய்துகொண்டிருந்தான் தெரியுமா? ஒருவரை எடுத்து, அவர் நிபந்தனையை முடித்து, திரும்பி வந்து, அடுத்தவர் என்ன கேட்கிறார் என்று பார்ப்பான். வாரக்கணக்கில் ஓடியும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. "ஒரு முழுத்தாள் கொண்டா" என்றேன். நாலு கட்டம் போட்டோம். யார், என்ன தகுதி, என்ன பொருள், அந்தப் பொருள் எங்கே கிடைக்கும். எல்லோரையும் எழுதி முடித்ததும் அவனுக்கே கண்ணில் பட்டது.

மெட்டா அலாய் விற்கிற நிலையம் மாயா என்ற நட்சத்திரத்தில் இருக்கிறது. மாயா கற்பனை இல்லை. நம் கார்த்திகைக் கூட்டத்தில் உள்ள நட்சத்திரங்களில் ஒன்றுக்கு அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கூட்டத்தைப் 'பிளேயாத்' என்பார்கள். சுமார் 400 ஒளியாண்டு தூரம். மழைவிட்ட இரவில் மொட்டைமாடியிலிருந்து பார்க்கிற அந்தப் புள்ளியின் ஒளி அங்கிருந்து கிளம்பி நானூறு வருஷம் ஆகிறது. அங்கே போனால் மார்ட்டுக் கேட்கிற 300 ஒளியாண்டு தானாகவே நிறைவேறிவிடும். போகிற வழியெல்லாம் நட்சத்திரங்களைக் கணக்கெடுத்துக்கொண்டே போனால் ஸ்கௌட் தரத்துக்கு வேண்டிய விவரமும் சேரும். ஆக, ஒரே பயணத்தில் மூன்று காரியம்.

நாலாவதும் ஒன்று இருந்தது. பட்டறைக் கதவு திறந்த பிறகு, அங்கேயே கணக்கெடுப்பு விவரத்தை விற்றால் அந்த அம்மாளுக்கு நம்மேல் நம்பிக்கை கூடும். மேல்படி வேலைகளைச் சீக்கிரம் செய்துகொடுப்பார். அதனால் ஸ்கௌட் தரத்துக்குப் போதுமான அளவை மட்டும் வழியில் விற்றுவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்து பார்சீரின் தளத்திலேயே விற்க வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. விற்காத விவரம் கையில் இருக்கும்போது கப்பல் உடைந்தால் அத்தனையும் போச்சு. திரும்பி வருகிற வழியில் கொள்ளைக்காரன் ஒருவன் துரத்தியபோது என் பேரனைவிட எனக்குத்தான் படபடப்பு அதிகம். ஆச்சி வந்து, "உங்க பிரஷர் மாத்திரையைப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தப்பித்து வந்து சேர்ந்தோம். கதவு திறந்தது.

இன்னும் இரண்டு தந்திரம் சொல்கிறேன். இந்த விளையாட்டை ஆடுகிற பேரப்பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள். மேம்படுத்தும் வேலைக்கு ஆர்செனிக் போன்ற மூலப்பொருள்கள், செய்பொருள்கள், தகவல் துணுக்குகள் என்று மூன்று வகைச் சரக்கு வேண்டும். இவற்றை மாற்றிக் கொடுக்க வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒரே வரிசையில் கீழ்த்தரம் ஆறு கொடுத்தால் அடுத்த தரம் ஒன்று கிடைக்கும். மேல்தரம் ஒன்று கொடுத்தால் கீழ்த்தரம் மூன்று கிடைக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றுகிற கணக்குத்தான். ஆகவே மேல்தரம் எங்கே கிடைக்கிறதோ அங்கே நேரம் செலவழிக்க வேண்டும். கீழ்த்தரத்தை மாற்றி வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, ஒவ்வொரு எஞ்சினியரிடமும் ஒரு வரைபடத்தை மட்டும் நம்மோடு வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். பக்கத்து நிலையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். ஆபீஸில் முன்மாதிரி உத்தரவை நகல் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்வோமே, அதுதான்.

ஒருநாள் மாலை கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டே பையன் கேட்டான். "நிஜத்துல யாராவது இப்படி எஞ்சினைக் குடுப்பாங்களா தாத்தா? காசு இல்லாம, அதைக் கொண்டா இதைக் கொண்டான்னு?"

கொடுத்திருக்கிறார்கள். அந்த எஞ்சின் நம் ஊரிலிருந்து தெற்கே மலையை ஒட்டிப் போனால் வருகிற மகேந்திரகிரியில் இன்றைக்கும் உறுமிக்கொண்டிருக்கிறது என்றேன்.

1974-இல் பிரான்சின் எஸ்.இ.பி. என்ற நிறுவனத்தோடு நம் இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் செய்தது. அவர்கள் ஏரியான் ராக்கெட்டுக்காக 'வைக்கிங்' என்ற திரவ எரிபொருள் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொழில்நுட்பம் நமக்கு வேண்டும். நம்மிடம் அன்றைக்குப் பணம் ஏது? அதனால் வேறு விலை பேசினார்கள். நம் எஞ்சினியர்கள் அங்கே போய் அவர்களோடு வேலை செய்ய வேண்டும். மொத்தம் 100 ஆள்-வருஷ உழைப்பு. கூடவே, அழுத்தத்தை அளக்கிற உணர்கருவிகளை ஆயிரக்கணக்கில் இங்கே செய்து அனுப்ப வேண்டும். நம்பி நாராயணன் தலைமையில் போன குழு, சீன் நதிக்கரையில் இருக்கிற வெர்னோன் என்ற சின்ன ஊரில் இருந்து அந்த வேலையைக் கற்றது. பிரெஞ்சு பேசுகிற எஞ்சினியர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு வரைபடத்தையும் புரிந்துகொண்டார்கள். கற்றதை வைத்து இங்கே செய்த எஞ்சினை 1985-இல் அதே வெர்னோனில் எரித்துப் பார்த்தார்கள். அதுதான் 'விகாஸ்'.

பையன் குறுக்கிட்டான். "தாத்தா, பேராசிரியர் பாலின் இருபத்தஞ்சு சென்சார் துண்டு கேக்கறாரே, அதே மாதிரி!" அதேதான். என்ன, நாம் கொடுத்தது துண்டு இல்லை, முழுசு.

கதவு திறந்தபிறகு படிப்படியான மேம்பாடுதான். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் விகாஸ். 1994 அக்டோபரில் அந்த ராக்கெட் முதல் வெற்றி கண்டது. பிறகு ஜி.எஸ்.எல்.வி.யில். 2018 மார்ச்சில் அதே எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டிய வடிவம் பறந்தது. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் நடுப்பகுதியில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள்.

எல்லாக் கதவும் இப்படித் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். மிகக் குளிர்ந்த எரிபொருளில் ஓடுகிற கிரையோஜெனிக் எஞ்சினுக்கு ரஷ்யர்களோடு ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா எதிர்த்தது. 1993-இல் தொழில்நுட்பத்தைத் தரமாட்டோம் என்று பின்வாங்கிவிட்டார்கள்; சில எஞ்சின்களை மட்டும் செய்து தந்தார்கள். கேட்ட விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தும் கதவை மூடினால் என்ன செய்வது? சொந்தமாகத்தான் செய்யவேண்டும். 2010-இல் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5-ஆம் தேதி நம் சொந்தக் கிரையோஜெனிக் எஞ்சின் வெற்றிகரமாகப் பறந்தது. இடையில் இருபது வருஷம். விலை எழுதியிருக்கிற கதவுக்கும் எழுதாத கதவுக்கும் வித்தியாசம் அவ்வளவு.

அந்த வாரத்தில்தான் எதிர்வீட்டம்மா வந்தார்கள். அவருடைய வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ரிட்டையர் ஆனவர்; நாலு மாதத்துக்கு முன்னால் தவறிப்போனார். குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கும் திரும்பி அனுப்பிட்டாவ. ஆட்டோவுக்கே காசு தீந்துபோச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாலு தடவை போயிருக்கிறார்கள். முதல் தடவை, இறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்களாம். இரண்டாம் தடவை, பென்ஷன் ஆணைப் புத்தகத்தின் அசல். மூன்றாம் தடவை, போட்டோவில் அதிகாரி கையெழுத்து இல்லை. நாலாம் தடவை, ஆதாரில் ஒரு பெயர், பென்ஷன் புத்தகத்தில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வேண்டும். முதல் நாளே நாலையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க யாருக்கும் கை வரவில்லை. எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. எல்லா ஊரிலும் இருக்கிறது.

எனக்கு என் சர்வீஸ் ஞாபகம் வந்தது. நான் கவுண்டரில் இருந்த காலத்தில், எந்த மனுவுக்கு என்னென்ன வேண்டும் என்று தட்டச்சு செய்து ஜன்னலில் ஒட்டினேன். அப்பா காலத்துப் பழக்கம். ஒரு மேலதிகாரி அதைக் கிழிக்கச் சொன்னார். "எல்லாத்தையும் எழுதி ஒட்டிட்டா நம்மகிட்ட யார்யா வந்து கேப்பான்?" என்றார். கிழித்த மறுநாள் வேறொன்று அடித்து ஒட்டினேன். அவர் மாற்றலாகிப் போகிறவரை அது நடந்தது. சுருட்டு கேட்கிற ஹெரா டானிகூட நேர்மையானவர் என்று சொல்வேன். ஐம்பது சுருட்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார், ஐம்பத்தொன்றாவது கேட்பதில்லை, எல்லோரிடமும் அதே ஐம்பதுதான்.

பேரன் எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு முழுத்தாள் கொண்டுவந்தான். அதே நாலு கட்டம். என்ன தாள், எங்கே கிடைக்கும், அதற்கு முன்னால் என்ன வேண்டும், அதே போக்கில் வேறென்ன முடிக்கலாம். எதிர்வீட்டம்மாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டிருந்தார்கள்; 1969-ஆம் வருஷச் சட்டப்படி அதுதான் கெடு. அதனால் அந்தச் சான்றிதழில் தகராறு இல்லை. எழுதி முடித்துவிட்டுச் சொன்னான்: "தாத்தா, பேர் சான்றுதான் மெட்டா அலாய். இருக்கிறதுலயே தூரம் அதுதான். அதை முதல்ல கிளப்பிவிட்டுட்டு, அது வர்றதுக்குள்ள மத்ததைச் சேர்த்துரலாம்."

முப்பத்தேழு வருஷம் ஃபைல் பார்த்தவன் நான். இதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலையில் மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் கிளம்பினோம். முதலில் இ-சேவை மையம். பெயர்ச் சான்றுக்கு மனுவைப் பதிந்தோம். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே போட்டோ. அடுத்து அதில் கையெழுத்து. வருகிற வழியில் வங்கிப் புத்தகத்தில் பதிவு, ஜெராக்ஸ் கடை. பதினொன்றரைக்கு வீட்டில் இருந்தோம். சான்று வந்ததும் எல்லாவற்றையும் ஒரு நூலில் கோத்து, மேலே பட்டியலை வைத்துக் கொடுத்தோம். உள்ளே இருந்த தம்பி பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு, "இதை யாரும்மா எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டாராம். அவரே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாராம்.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். எதிர்வீட்டம்மாவுக்குப் பென்ஷன் நிலுவையோடு வந்துவிட்டது. மருந்துக்கடைப் பாக்கியைத் தீர்த்ததாகச் சொன்னார்கள். ஐந்தருவிப் பக்கமிருந்து ஒரு கூடை மங்குஸ்தான் வாங்கிவந்து கொடுத்தார்கள். "பேரப்பிள்ளைக்கு" என்றார்கள். அவனுக்கு அனுப்ப வழியில்லாமல் நானும் அவன் ஆச்சியுமே தீர்த்தோம்.

இப்போது என் மேஜையில் அந்தத் தாளின் நகல்கள் இருபது இருக்கின்றன. குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒன்று, வாரிசுச் சான்றுக்கு ஒன்று என்று இரண்டு மாதிரி. தெருவில் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து வாங்கிப் போகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பென்ஷன் புத்தகத்தையும் வீட்டுக்காரம்மாவின் ஆதாரையும் இன்றைக்கே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே சரிசெய்யுங்கள். நாம் இருக்கும்போது அது ஒரு நாள் வேலை. நாம் போனபிறகு அவர்களுக்கு அது நாலு ஆட்டோ.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் போனில் கூப்பிட்டான். 5,000 ஒளியாண்டுப் பயணத்துக்குக் கிளம்பப்போகிறானாம். "தாத்தா, போற வழியில வேற என்னெல்லாம் முடிக்கலாம், பாத்துச் சொல்லுங்க" என்றான். தாளை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு கட்டம் நிரப்பியாகிவிட்டது.